முகிலரின் குறை

அக்டோபர் 24, வெள்ளி

இந்த நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமானதைக் கூட்ட மாட்டேன், பாதகமானதை விடவும் மாட்டேன். அப்பா இதைத் தாராபுரத்திலிருந்து வாங்கி அனுப்பிவிட்டு, தினமும் எழுது, பொய் மட்டும் எழுதாதே, பொய் எழுதினால் கையெழுத்து கெட்டுப்போகும் என்று போனில் சொன்னார். அப்பா தமிழாசிரியர். எதையும் கையெழுத்தைக் கொண்டுதான் புரியவைப்பார்.

என் பெயர் செம்மலர். ஒன்பதாம் வகுப்பு. கோத்தகிரியில் பெண்கள் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். என் துணி எண் முப்பத்தொன்று. சலவைக்குப் போகும் துணி மாறாமலிருக்க எல்லோருடைய துணியிலும் சிவப்பு நூலால் ஒரு எண் தைத்திருக்கும். வருகை எடுப்பதும் அந்த எண்ணில்தான். வார்டன் பொன்மணி மிஸ்ஸுக்கு எங்கள் எண்கள் எல்லாம் மனப்பாடம்.

மழை விடவில்லை. மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். அதனால் மாலை டிபனுக்குப் பிறகு நாங்கள் பெட்டி அறைக்குப் போகிறோம். எல்லோருடைய டிரங்குப் பெட்டிகளும் அடுக்கியிருக்கும் அறை அது. ஒரு பெரிய பெட்டியைக் கவிழ்த்துப் போட்டால் அதுதான் எங்கள் மேசை.

எங்கள் விளையாட்டைப் பற்றி எழுத வேண்டும். ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் நுழைந்து, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வோம். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். கதை நடத்துவது ஜெனிஃபா. பகடைகள் அவளுடையவை. பெங்களூரில் அவள் அண்ணன் கற்றுக்கொடுத்ததாம். ரிஸ்வானா சுரங்கக் குள்ளர் இனம். நான் கேள்வித் துறவி. பிரபாவதி காட்டு வேட்டைக்காரி, ஆனால் அவளுக்கு அம்மை போட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

எங்கள் மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு இனத்துக்கும் மூன்று வரமும் ஒரு குறையும் இருக்கும். புதிய இனத்தை எடுப்பவள் அதன் குறையை நிஜத்தில் ஒரு நாள் சுமக்க வேண்டும். அதற்குக் குறைநாள் என்று பெயர். குள்ளர்கள் வானத்தைப் பார்க்கக் கூடாது. அதனால் ரிஸ்வானா ஒரு நாள் முழுக்கக் கால்விரலைப் பார்த்துக்கொண்டே நடந்து, கணக்கு மிஸ்மேல் மோதினாள். ராட்சசர்கள் கதவில் நேராக நுழைய முடியாது என்பதால் ஜெனிஃபா எல்லாக் கதவிலும் பக்கவாட்டில் நண்டுபோல் போனாள். கேள்வித் துறவியால் எந்தக் கேள்வியையும் பதில் சொல்லாமல் விட முடியாது. என் குறைநாளில் வகுப்பில் எல்லாவற்றுக்கும் கை தூக்கினேன். வித்தியாசமே தெரியவில்லை என்றாள் ஜெனிஃபா.

புதிதாக ஒரு தேவதை இனம் செய்துகொண்டு வரும்படி என்னிடம்தான் கேட்டிருக்கிறாள். என்னிடம்தான்.

அக்டோபர் 25, சனி

வெள்ளைக் கவுனும் நட்சத்திரக் கோலும் வைத்த தேவதைகள் எனக்கு வேண்டாம். இந்த மலையில் அப்படிப்பட்டவர்கள் இருந்தால் ஒரே மழையில் காய்ச்சல் வந்து படுத்துவிடுவார்கள். என் தேவதைகள் மூடுபனியிலிருந்து வருபவர்கள். பெயர் முகிலர்.

முதல் வரம்: பனியாக மாறிக் கதவிடுக்கில் நுழைந்து மறையலாம். இரண்டாவது: தண்ணீரோடு பேசலாம். தண்ணீர் பார்த்ததெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மூன்றாவது: அவர்கள் பெயர் கேட்டால், எந்தப் பகைவனும் தன் உண்மையான பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்.

குறை: யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் முகிலருக்கு உடல் நிற்கும். முதல் விடியல்வரை யாரும் கூப்பிடாவிட்டால் குரல் போகும். இரண்டாம் விடியலில் உடல் போகும். மூன்றாம் விடியலும் தாண்டினால், பனியாகி நீர் பிறக்கும் இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வது கணக்கில் வராது.

அக்டோபர் 26, ஞாயிறு

படித்துக் காட்டினேன். ரிஸ்வானா வறுக்கி பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். தின்பதை அவள் நிறுத்தினால் அது பெரிய பாராட்டு. ஜெனிஃபா, "தன் பேரைத் தானே சொன்னா செல்லாதா? அதெல்லாம் எப்படிடி உனக்குத் தோணுது?" என்று கேட்டாள். கற்பனை என்றேன்.

நான் போன வருடம் ஜூன் மாதம் எட்டாம் வகுப்பில் சேர்ந்தேன். அந்த மாதத்தைப் பற்றி எழுத எதுவுமில்லை.

முகிலரை நானே ஆடலாம் என்றுதான் செய்தேன். ஆனால் செய்தவள் ஆடக் கூடாது, தன் ஆளுக்குச் சலுகை கொடுத்துவிடுவாள் என்று ஜெனிஃபா சொல்லிவிட்டாள். பிரபாவதியும் இல்லை. அப்போது ஜன்னலருகில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த புதுப் பெண்ணைக் காட்டி, "அவகிட்ட குடு" என்றாள்.

அவள் பெயர் சுகிர்தா. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு சேர்ந்தவள். கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட்காரி. அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார், அப்பா இல்லை. விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் போவாளாம். நாங்கள் விளையாடும்போது தினமும் வந்து உட்கார்ந்து பார்ப்பாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதி போனுக்கு அவள் அம்மா கூப்பிடும்போது மட்டும் சத்தமாகப் பேசுவாள், லைன் தெளிவாக இருக்காது என்பதால்.

"எனக்கா?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து வந்து மேசைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். ரிஸ்வானா சிரித்துவிட்டாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

சுகிர்தா நன்றாக ஆடுகிறாள்.

நான் எழுதியதைவிட நன்றாக ஆடுகிறாள் என்று எழுதுவதுதான் சரி. வாய் திறக்காதவள் முகிலராக உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுகிறாள். பாழடைந்த கோட்டைக்குள் வழி தெரியாமல் நின்றபோது, சுவரில் வழியும் மழைநீரிடம் அவள் பேசினாள். "நீ எந்த வழியா உள்ள வந்தே? எனக்கும் காட்டு" என்று கேட்டாள். பகடையில் பத்தொன்பது விழுந்தது. வேறெதுவும் விழுந்திருக்க முடியாது என்றுகூடத் தோன்றியது.

எனக்குப் பொறாமை இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

சாக்ஸ் காயவில்லை. அனைவரும் ஈர சாக்ஸுடன் இருப்பதால் வகுப்பில் ஒரு வாடை.

அக்டோபர் 31, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மலைவாசல் அரக்கனோடு சண்டை இன்று தொடங்க வேண்டும். ஜெனிஃபா இதற்காக நாள்கணக்கில் தயார் செய்திருந்தாள். அரக்கனுக்கு நான்கு கை, நான்கு ஆயுதம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அட்டையில் வாசலையே வரைந்து வெட்டி ஒட்டியிருந்தாள். ரிஸ்வானா கோடரியை எடுத்துவிட்டாள். அப்போது சுகிர்தா, "நான் அவன் பேரைக் கேக்குறேன்" என்றாள்.

விதிப்படி அவன் சொல்லியே ஆக வேண்டும். ஜெனிஃபா அவனுக்குப் பெயரே வைத்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, வீரண்டன் என்றாள். சுகிர்தா, "வீரண்டா, உன்னை இங்க நிக்க வச்சது யாரு? எத்தனை நாளா நிக்கிறே? சாப்பிட்டியா?" என்று கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பகடை உருண்டது. இருபது. அரக்கன் வாசலை விட்டு நகர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

ரிஸ்வானா பெட்டியைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "சுகிர்தா, நீயே கதை நடத்துடி. ஜெனி பாவம், நாலு கையையும் மடிச்சு வச்சுட்டுப் போகட்டும்."

நானும் சிரித்தேன். ஜெனிஃபாவும் சிரித்தாள். ஆனால் அட்டை வாசலை மடிக்காமலே பைக்குள் திணித்தாள், அது உடைந்தது.

நவம்பர் 1, சனி

காலை உணவின்போது ஜெனிஃபா நினைவுபடுத்தினாள். சுகிர்தா இன்னும் குறைநாள் முடிக்கவில்லை. வழக்கம் எல்லோருக்கும் பொதுதானே. சுகிர்தா உடனே சரி என்றாள். அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. எங்கள் குறைநாள் கதைகளையெல்லாம் ஜன்னலோரத்திலிருந்து கேட்டவள்தானே.

நாளை விடியலிலிருந்து யாரும் அவள் பெயரைச் சொல்லக் கூடாது. பிறகு ஜெனிஃபா என் பக்கம் திரும்பினாள். "மத்த இனத்துக்கெல்லாம் ஒரு நாள். முகிலர் குறை மூணு விடியல்னு நீதானே எழுதியிருக்கே? அப்ப மூணு விடியலும்தானே?"

ஒரு நாள் போதும் என்று சொல்லியிருக்கலாம். செய்தவளுக்கு மாற்றும் உரிமை உண்டு. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஆமாம் என்றேன்.

குறையைத் தாங்காவிட்டால் சுகிர்தாவுக்கு மேசையில் இடமில்லை. இடையில் யாராவது பெயர் சொல்லிவிட்டால் சொன்னவளுக்கும் இடமில்லை. நாளை முதல் அறை முழுவதுமே சேர்ந்துகொள்கிறது. மழையில் யாருக்கும் வேறு வேலை இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

முதல் நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது. "ஏய் ஜன்னல்", "அந்தச் சாம்பார் வாளியை இப்படித் தள்ளுமா மேகம்" என்று விதவிதமாகக் கூப்பிட்டார்கள். சமையல்கார அக்கா எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். அதுவும் கணக்கில் வராது. சுகிர்தா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

மதியம் அவள் போன் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா கூப்பிடும் நேரம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா கூப்பிட்டால் பெயர் சொல்லித்தானே பேசுவார்? அதோடு எல்லாம் முடிந்துவிடும். முடிந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். ஆனால் கீழே எங்கோ மண் சரிந்து கம்பம் விழுந்துவிட்டதாம். லைன் இல்லை. மின்சாரம் மட்டும் மாலையில் வந்தது. டிபன் மணி அடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

நவம்பர் 3, திங்கள்

மழை விடுமுறை. படிப்பறையில் உட்கார வைத்தார்கள். பொன்மணி மிஸ் வருகை எடுத்தார். ஐம்பத்தெட்டு என்றதும் சுகிர்தா "பிரசென்ட் மிஸ்" என்றாள். ஜெனிஃபா மெதுவாக, முகிலருக்குக் குரல் போயாச்சே, இது எங்கிருந்து வருது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. ரப்பர் கேட்டாள். தட்டை நகர்த்தச் சொன்னாள். மதியத்துக்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

என்னிடமும் ஒன்று கேட்டாள். நூலகத்திலிருந்து நான் எடுத்த புத்தகத்தை முடித்துவிட்டேனா என்று. நான் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கேள்வியையும் பதில் சொல்லாமல் விடக் கூடாத துறவி நான்.

சாப்பாட்டுக்குப் பிறகு பல் தேய்க்கப் போனேன். கடைசிக் குளியலறையில் குழாய் முழுக்கத் திறந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பல் தேய்க்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

கையெழுத்து கோணலாக இருப்பது குளிரால்தான், பொய்யால் இல்லை.

இன்று உடல் போகும் நாள். அவள் கட்டில்மேல் காயாத துணிகளைப் போட்டிருந்தார்கள். சாப்பாட்டுப் பலகையில் அவள் இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்தாள். அவள் மேலேயே உட்காரப் போனாள் என்று சொல்ல வேண்டும். சுகிர்தா தானாக நகர்ந்துகொண்டாள். தட்டோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். ரிஸ்வானா, "போதும்டி ஜெனி, எனக்கு நல்லா இல்ல" என்றாள். நாளை காலையோடு முடிகிறது, இப்போது நிறுத்தினால் அவள்தான் தோற்றுப்போவாள் என்று ஜெனிஃபா சொன்னாள். அது கேட்பதற்கு நியாயமாகக்கூட இருந்தது.

மாலை டிபனுக்கு அவள் வரவில்லை. அவள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். பார்க்காமல் இருப்பதில் எல்லோரும் அவ்வளவு கவனமாக இருந்தோம்.

அவள் கட்டிலடியில் பார்த்தேன். செருப்பு மட்டும் இருந்தது. இரண்டும் சேர்த்து, ஒழுங்காக. மேசையில் முதன்முதலாக உட்காரும்போது கழற்றி வைத்தாளே, அதுபோல.

நீர் பிறக்கும் இடத்துக்கே திரும்பிவிடுவார்கள் என்று நான்தான் எழுதினேன்.

சமையலறைக்குப் பின்னால் சரிவில் ஏறினால் யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே ஊற்றுத் தொட்டி இருக்கிறது. விடுதிக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. மண் சரியும் என்று கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். கயிற்றுக்கு அடியில் நுழைந்தேன். பனியில் என் கையே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பாதை ஓரிடத்தில் இல்லவே இல்லை, சேறு வழிந்து போயிருந்தது. விழுந்தேன். வேரைப் பிடித்து ஏறினேன். வாய் திறந்து கூப்பிட்டிருக்கலாம். பாதி தூரம்வரை கூப்பிடவில்லை. பெயர் சொன்னால் மேசையில் இடமில்லை என்பது அப்போதும் நினைவில் இருந்தது. இதை எழுதத்தான் இவ்வளவு நேரமாகிறது.

பிறகு கத்தினேன். "சுகிர்தா!"

தொட்டிக்குப் பக்கத்தில் மோட்டார் வைத்திருக்கும் தகரக் கொட்டகையிலிருந்து அவள் எழுந்து வந்தாள். உதடு வெளுத்திருந்தது, வெறுங்கால். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ஏன்டி கூப்பிட்டே? இன்னும் ஒரு விடியல்தான் இருந்துச்சு. முடிச்சிருப்பேன்."

இங்கேயே ராத்திரி முழுக்க இருக்கப் பார்த்தாயா என்று கேட்டேன். அங்கே எல்லோர் நடுவிலும் இல்லாமல் இருப்பதைவிட இங்கே இல்லாமல் இருப்பது சுலபம் என்றாள். காலையில் இறங்கி வந்தால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவள் பெயரைச் சொல்வோம் என்று நினைத்தாளாம். அதை நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தாளாம்.

அவள் கையைப் பிடித்தேன். குழாய்த் தண்ணீர்போல் இருந்தது. "நேத்து பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு உன் பேரை நீயே சொன்னேல்ல? நான் வெளியே நின்னேன். எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போன வருஷம் ஜூன்ல நானும் அதே பாத்ரூம்லதான் சொல்வேன். அந்தக் குறையை நான் கற்பனை பண்ணலை, சுகிர்தா."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் என் கையை விடவில்லை. ஒரு செருப்பை நான் சேற்றில் விட்டிருந்தேன். மிச்சமிருந்ததை அவளுக்குக் கொடுத்தேன். ஒற்றைச் செருப்பால் ஒரு பயனுமில்லை, இருந்தாலும் போட்டுக்கொண்டாள்.

பாதி இறக்கத்தில் டார்ச் வெளிச்சம் வந்தது. பொன்மணி மிஸ்ஸும் காவல்கார அண்ணனும். மிஸ் திட்டவில்லை. தன் சால்வையை எடுத்துச் சுகிர்தாவுக்குப் போர்த்தினார். நான் சரிவில் ஏறுவதைப் பார்த்துவிட்டு ரிஸ்வானாதான் போய்ச் சொன்னாளாம்.

நவம்பர் 5, புதன்

சுகிர்தாவுக்குக் காய்ச்சல். நோயறையில் இருக்கிறாள்.

விசாரணை நடந்தது. எத்தனை நேரமாக அவள் இல்லை என்று மிஸ் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. யார் தொடங்கியது என்று கேட்டார். அதற்கு மட்டும் எல்லோருக்கும் பதில் இருந்தது. ஜெனிஃபா, ஜெனிஃபா என்று ஆளுக்கு ஆள். கட்டில்மேல் துணி போட்டவர்கள்தான் முதலில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

பகடைகளை மிஸ் வாங்கிக்கொண்டார். ஜெனிஃபா அழவில்லை.

நவம்பர் 6, வியாழன்

கஞ்சி கொடுக்கும் சாக்கில் நோயறைக்குப் போனேன். மூன்று விடியல் என்று சொன்னது நான், மாற்றியிருக்க முடிந்ததும் நான் என்று சுகிர்தாவிடம் சொன்னேன். தெரியும், நானும் அந்தப் பலகையில்தானே இருந்தேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. கேட்கவும் பயம்.

முகிலர் குறையை அடித்துவிடப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அது உண்மைதானே, உண்மையை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டாள். வேண்டுமானால் ஒரு வரம் சேர் என்றாள்.

"யாரை யாருமே கூப்பிடலையோ, அது முகிலருக்குத் தெரிஞ்சிடும். எங்க இருந்தாலும் தெரிஞ்சிடும்."

மூன்று வரத்துக்கு மேல் கூடாது, சமநிலை கெட்டுவிடும் என்றேன். இந்த நிலையிலும் விதியைப் பேசினேன். அவள் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே யோசித்தாள். பிறகு, "பனியா மாறி மறையுறதை எடுத்துடு. அது எனக்கு வேண்டாம்" என்றாள்.

நவம்பர் 7, வெள்ளி

மழை நின்றது. லைன் வந்தது. சுகிர்தா அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினாள். இந்த முறை சத்தமாகப் பேசவில்லை.

நவம்பர் 8, சனி

சாலை திறந்ததும் அவள் சித்தி வந்துவிட்டார். பெட்டி அறையிலிருந்து அவள் பெட்டியை நானும் ரிஸ்வானாவும்தான் தூக்கி வந்தோம். அதே பெட்டிதான், நாங்கள் மேசையாகக் கவிழ்த்துப் போட்டது. இத்தனை நாளும் அது யாருடையது என்று நாங்கள் பார்க்கவே இல்லை. பக்கத்தில் 58 என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது.

வரவேற்பறையில் சித்தி, உடனே கிளம்பு, கூடலூரிலேயே சேர்த்துவிடலாம் என்றார். சுகிர்தா என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். இருந்துவிடு என்று சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அதனால் "சுகிர்தா" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை.

அரையாண்டுத் தேர்வுவரை இருக்கிறேன், அதற்குப் பிறகு பார்க்கலாம் சித்தி என்றாள். சித்திக்குப் பிடிக்கவில்லை. போகும்போது எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பொன்மணி மிஸ் இப்போதும் எண்ணில்தான் வருகை எடுக்கிறார். ஐம்பத்தெட்டுக்கு மட்டும் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறார்.

இன்று முழுவதும் ஜெனிஃபாவிடம் யாரும் பேசவில்லை. யாரும் அப்படி முடிவு செய்யவில்லை, விதி எதுவும் இல்லை. அதுவாகவே நடக்கிறது. அவள் வந்து உட்கார்ந்தால் பலகையில் பேச்சு நிற்கிறது. ரிஸ்வானா கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அவளால்தான் எல்லோருக்கும் கெட்ட பெயர் என்று சொல்கிறார்கள். சொல்பவர்களில் பாதிப் பேர் மேகம், ஜன்னல் என்று கூப்பிட்டவர்கள்.

உண்மையை எழுதுவதாகச் சொன்னேன். காலையில் அதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது.

சாயங்காலம் குளியலறைப் பக்கம் போனேன். கடைசி அறையில் குழாய் முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே யார் என்று தெரியும். போன தடவை போலவே நின்றேன். போன தடவை போலவே திரும்பி வந்தேன். திருப்தி போய்விட்டது, ஆனால் கூப்பிடவில்லை.

இப்போது ஒன்பதரை ஆகப் போகிறது, விளக்கணைக்கும் நேரம். வராந்தாவில் மிஸ் செருப்புச் சத்தம் கேட்கிறது. ஜெனிஃபா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். சுகிர்தா இன்றுதான் நோயறையிலிருந்து வந்தாள். சால்வையோடு தன் கட்டிலில் உட்கார்ந்து எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கண் ஜெனிஃபாவிடம் போய் நின்றுவிட்டது.

"ஜெனிஃபா" என்கிறாள்.

ஜெனிஃபா அசையவில்லை. முதுகு மட்டும் விறைத்த மாதிரி தெரிகிறது.

சுகிர்தா மறுபடி கூப்பிடுகிறாள். இப்போது என்னைப் பார்க்கிறாள்.

நானும் கூப்பிட்டேன். திரும்பக் கூப்பிட்டேன்.

போர்வை அசைகிறது. திரும்புகிறாளா என்று பார்ப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.